சிவப்புப் பூவுக்கு மேல்முறையீடு

பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டின் பக்கவாட்டில் மண்டியிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓட்டை ஓட்டையான பலகைக்கு அந்தப் பக்கம் ஃபாதரும் பேசாமல் இருந்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மாக்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

"சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

நான் காத்திருந்தேன். எங்கள் பக்கம் குறி கேட்கப் போனால் அப்படித்தான். போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டால் போதும். எந்தத் திசையிலிருந்து வந்திருக்கிறோம், வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று எல்லாவற்றையும் சாமி வந்தவர்தான் சொல்ல வேண்டும். நாமே வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன சக்தி இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

"பயப்படாம சொல்லுங்க."

"நானுங்களா? நீங்க சொல்வீங்கன்னு..."

அவர் பலகைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு, "நீங்க கத்தோலிக்கரா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்படின்னா இங்க உங்களுக்கு நான் மன்னிப்பு வழங்க முடியாதும்மா. வெளிய வராந்தாவில இருங்க. இவங்களையெல்லாம் முடிச்சிட்டு வர்றேன், பேசலாம்."

நான் எழுந்து வந்தபோது வரிசையில் நின்ற ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "இத்தனை நேரமா! இந்த வயசுல அப்படி என்னத்தடி பண்ணியிருப்பா?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோயிலுக்குக் கோயம்புத்தூரே வரும். நெற்றியில் திருநீறு பூசியவர்கள்தான் பாதிப்பேர். எங்கள் ஹாஸ்டல் பெண்களோடு பரீட்சைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்ற நானும் வந்திருக்கிறேன். ஆனால் அன்று மெழுகுவத்தி வாங்கவில்லை. என் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டும், சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். எடுக்க வேண்டாம் என்று எங்கள் சாமி சொல்லிவிட்டது.

சாமி சொன்னது பூவில். எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் பூ கேட்காமல் செய்வதில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி காலடியில் போட்டுக் கலக்குவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் கூடாது. கத்தி வைக்கலாமா என்று அப்பா கேட்டார். சிவப்பு வந்தது.

அதை மீறலாம் என்று வாய் திறக்க ஊரில் ஆள் கிடையாது. ஏனென்றால் என் பெரியப்பா மீறியிருக்கிறார். சிவப்புப் பூ வந்த இடத்திலேயே பிடிவாதமாகக் கிணறு வெட்டினார். தண்ணீரும் வந்தது. அடுத்த வருஷம் அதே கிணற்றில் அவருடைய மகன் போனான். எங்கள் வீட்டில் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசாமலேயே எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும்.

நான் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொட்டலத்தில் ஒன்று சிவப்பாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொல்லியும் பார்த்தேன். "கிணத்துல போன பையனுக்கும் இதே கணக்குத்தானா அம்மணி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் எனக்கே அந்தச் சிவப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. டாக்டர் சொல்லி அது மாறாது. நான் சொல்லியும் மாறாது. ஒரு சாமி சொன்னதை இன்னொரு சாமியின் ஆள்தான் மாற்ற முடியும் என்று தோன்றியது. கீழ்க்கோர்ட் தீர்ப்புக்கு மேல்கோர்ட் போவதுபோல. அடுத்த செவ்வாய்க்கிழமையே கிளம்பி வந்துவிட்டேன்.

வராந்தாவுக்கு வந்த ஃபாதர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயசுக்காரர். முப்பது இருக்கலாம். கழுத்தில் போட்டிருந்த ஊதாப் பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "எந்த ஊரு நீங்க?" என்றார். சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"எந்தக் கோயில்? மேற்கால வேப்பமரம் இருக்குமே, அதுங்களா?"

அதுவரை டவுன்காரர்போலப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எங்கள் ஊர்க்காரராகிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்களுக்குத் தெரியுங்களா!" என்றேன்.

"எங்கப்பா அங்க தோட்டத்து வேலைக்குத்தான் போயிட்டிருந்தாரு. பூ கேக்கறப்போ நாங்கல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நிப்போம். என்ன பூ வந்துச்சுன்னு எங்களுக்குக் கடைசியாத்தான் தெரியும்."

அந்த வேலியைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. என் அவசரம் எனக்கு. "அந்தப் பூ செல்லாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. அம்மாகிட்டப் போயி நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏனுங்க? உங்களுக்குத்தான் அதுல நம்பிக்கை இல்லையே."

"நம்பிக்கை இல்லை. ஆனா எங்கப்பனாத்தா இன்னும் அங்கதான் இருக்காங்க. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பையன் சாமியாராப் போயி நம்ம சாமி வாக்கைப் பொய்னு சொல்லிப்போட்டான்னு ஊர்ல பேசினா, அவங்க எங்க போவாங்க? உங்கம்மாவுக்கு ஆபரேஷன்ல ஒண்ணு ஆச்சுன்னா அதையும் எங்க சனத்து மேலதான் எழுதுவாங்க."

இதையெல்லாம் நான் யோசித்திருக்கவில்லை. யோசிக்காதது அப்போது கோபமாகத்தான் வந்தது. "அப்ப எங்கம்மா சாகட்டும்ங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "உங்கம்மா வந்து கேட்டா அவங்ககிட்டப் பேசறேன். உங்க மூலமா ஒண்ணும் சொல்லியனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சனிக்கிழமையே காந்திபுரத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். வலது கையை அதிகம் தூக்காமல் இடது கையால் ஆட்டினாள். ஃபாதர் யார் வீட்டுப் பையன் என்பதையும் அவர் சொன்னதையும் சொன்னேன்; திட்டுவாள் என்று நினைத்தேன். "கல்யாணமே பண்ணிக்க மாட்டாங்களாமே, அந்தச் சாமியாருங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சோறாக்கிப் போட ஆரு இருக்கறா?" என்றாள். அப்புறம் உரலைக் கழுவிக்கொண்டே, "நான் வாரேன். உங்கப்பங்கிட்ட ஆஸ்டலைப் பாக்கப் போறேன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் அதே வராந்தாவில் அம்மாவும் ஃபாதரும் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். "நீ போயி அங்க நில்லு கண்ணு" என்றாள் அம்மா. மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இதையெல்லாம் ஏற்பாடு செய்ததே நான். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். ஃபாதர் ஏதோ கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவர் தன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். அம்மா விருட்டென்று எழுந்துவிட்டாள்.

டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அம்மா சொன்னாள்.

"கத்தி வெச்சா எனக்கு என்ன ஆகுங்கற பயம் எனக்கில்லைங்க சாமின்னேன். பூவை மீறினது உங்க பெரியப்பன். போனது ஆரு? பையன். நான் மீறினா அது ஆரு மேல வரும்? உம்மேலதான வரும்? அதைத்தான் கேட்டேன்."

எனக்காகத்தான் அந்தக் கட்டியோடு இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவள் பூவை நம்புகிறாள், அப்பாவுக்குப் பயப்படுகிறாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்டதே இல்லை.

"அவரு என்னம்மா சொன்னாரு?"

"எம்மேல வரட்டும்ங்கறான். உங்க புள்ளை மேல வர்றதை நான் வாங்கிக்கறேன், நீங்க போயி ஆபரேசன் பண்ணிக்குங்கன்னு சொல்லிப்போட்டான்." சாமி என்று ஆரம்பித்தவள் எங்கே அவன் என்று மாறினாள் என்று தெரியவில்லை. மரியாதைக் குறைவாக இல்லை. சித்தப்பா மகனைச் சொல்வதுபோல இருந்தது.

எனக்குப் பஸ்ஸிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. "அப்புறமென்னம்மா! நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம்."

"ஏங்கண்ணு, அவனையும் ஒருத்தி பெத்திருப்பால்ல? எனக்கு அவளைத் தெரியும். நம்ம தோட்டத்துல களை வெட்டியிருக்கறா. எம்புள்ளைக்கு ஆகாதது அவ புள்ளைக்கு மட்டும் ஆகலாமா?"

ஆக, முன்பைவிட மோசமாகிவிட்டது. முன்பு ஒரு பிள்ளைக்காகப் பயந்தவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்காகப் பயந்தாள். ஃபாதர் மேல் எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. நம்பாத ஒன்றை அவர் எப்படி வாங்கிக்கொள்ள முடியும்? என்னிடம் ஒரு பேச்சு, அம்மாவிடம் ஒரு பேச்சா? வெறும் ஆறுதலுக்குச் சொன்னாரா? அம்மா ஊருக்குப் போய்விட்டாள். நான் வகுப்பில் உட்கார்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் ஏறவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஹாஸ்டலுக்கு அம்மாவே போன் பண்ணினாள். "டாக்டர்கிட்ட நாள் கேளு கண்ணு" என்றாள். அப்பாவிடம், "நான் போறேனுங்க. நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாளாம். அவர் அதற்கப்புறம் அவளிடம் பேசவே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு, ஃப்ளாஸ்க்கில் வெந்நீரோடு அவர்தான் முதலில் வந்து நின்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் அம்மாவுக்கு இரட்டை ஜடை பின்னிப் பச்சை அங்கி மாட்டிவிட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இருந்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஒரு எட்டுப் போயி அந்தச் சாமிகிட்டச் சொல்லிப்போட்டு வா. எம்புள்ளை மேல வர்றதை நானே வாங்கிக்கறேன், அவங்க எடுத்துக்க வேண்டாம்னு. நீ வந்து சொன்னாத்தான் நான் உள்ள போவேன்."

"அம்மா, இப்பப் போயி..."

"போ கண்ணு. வெசனப்படாமப் போ."

ஆட்டோவில் போனேன். ஃபாதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அன்னிக்கு நீங்க சும்மா ஆறுதலுக்குச் சொன்னதுதானுங்களே?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"இல்லைங்க. நெசமாத்தான் சொன்னேன். சொல்லிட்டுப் போயி ராத்திரி தூக்கமே வரலை." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நம்பிக்கை இல்லைன்னு சொன்னேனில்ல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னாலும் நானும் அந்த ஊர்லதானுங்க வளர்ந்தேன்."

"அப்ப அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவங்க சொல்றபடியே ஆகட்டும்னு சொல்லுங்க. நான் ஜெபம் பண்றேன். சீக்கிரம் போங்க, காத்திட்டிருப்பாங்க."

திரும்பி வந்தபோது தள்ளுவண்டி தயாராக நின்றது. நர்ஸ் என்னை முறைத்தாள்.

"சொல்லிப்போட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

"என்னன்னான்?"

"உங்க இஷ்டப்படியே ஆகட்டும்னாரு."

அம்மா தலையை ஆட்டினாள். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. "போலாமுங்க அம்மணி" என்று நர்ஸிடம் சொன்னாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அம்மா உள்ளே போய்விட்டாள். ஆனால் பூவை மீறிய பழி யார் மேலும் இல்லாமல் போக வேண்டும் என்றுதான் நான் அலைந்தேன். அவள் அதை வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், என்னையே தூது அனுப்பி.

அப்பா ஃப்ளாஸ்க்கை இறுகப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எங்க அனுப்பிச்சா உன்னை? என்னமோ சொல்லிட்டிருந்தாளே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.