நகை பீரோவில் ஒரு துப்பாக்கி

போன வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... நான் ஒன்றும் செய்யவில்லை. பார்க்கிங் ஃபைனைக்கூட மறுநாளே கட்டிவிடுகிற பயந்தாங்கொள்ளி நான். என் சிநேகிதி கோமதியின் கணவர் செல்வத்துக்கு அன்று தண்டனை சொல்லும் நாள். "தனியாப் போக முடியலக்கா. பக்கத்துல வந்து உக்காருங்க, போதும்" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நம் வீட்டுக் கூத்துகளை எழுதிச் சிரிப்போம். இந்த வாரம் சிரிப்பு வராது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். "எழுதுங்கக்கா, நாலு பேராவது அவங்கவங்க வீட்டு பீரோவத் திறந்து பாக்கட்டும்" என்று கோமதியே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கோமதியின் பையன் நிதின் — பதினைந்து வயது — இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு காலையில், அப்பாவின் துப்பாக்கியைக் கிரிக்கெட் பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். ஜிம்முக்கு வெளியே, தன் வகுப்புப் பையன் ஒருவனைச் சுட்டான். ஒரு குண்டு. தோளில் பாய்ந்தது. அந்தப் பையன் பிழைத்துவிட்டான். ஆனால் வலது கை இன்னும் சரியாகவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை.

நிதினை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இங்கே நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்கிற இடத்தில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில் நின்று, சுடச்சுட வடையை எடுத்து, கை பொறுக்காமல் மாற்றி மாற்றி ஊதித் தின்றவன். செய்தியைக் கேட்டதும் அதே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் செய்தான்? எனக்குத் தெரியாது. கோமதிக்கும் தெரியாது. "ஸ்கூல் எப்படிடா?" என்றால் "ஃபைன்". "ஏண்டா ஒரு மாதிரி இருக்க?" என்றால் "ஐ'ம் ஃபைன், மம்". இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறான் பையன். ஓட்ட விட்டிருக்கிறார்கள் பெற்றவர்கள்.

ஆனால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?

பக்கத்து ஏரியா லின்ஃபீல்டிலிருந்து பரமேஸ் அக்கா போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோயிலில் பழக்கம். "அமெரிக்காவிலை இப்பிடிச் சுட்ட பெடியன்ரை தாய் தேப்பனையும் மறியலிலை போட்டவையாம். இஞ்சையும் அப்பிடித்தான் போடவேணும். ஓம், நான் உள்ளதைத்தான் கதைக்கிறன்." மறியல் என்றால் அவர் பேச்சில் ஜெயில்.

என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. "பதினஞ்சு வயசுப் பையன் என்ன கைக்குழந்தையா? அவன் செஞ்சதுக்கு அப்பன் என்ன பண்ணுவான்? எல்லாம் இந்த ஊர் பண்ற வேலை. ஃபோன், கேம்ஸ்..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைக்கு மெடிசினில் இடம் கிடைத்தால் 'எங்க வளர்ப்பு'. பரதநாட்டியம் அரங்கேறினால் 'எங்க வளர்ப்பு'. துப்பாக்கியைத் தூக்கினால் மட்டும் 'இந்த ஊர் கெடுத்துடுச்சு'. லாபம் நமக்கு, நஷ்டம் நியூசிலாந்துக்கா?

சரி... நம் ஆட்கள் வீட்டில் துப்பாக்கி எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

செல்வத்துக்கு மங்கரேயில், ஏர்போர்ட் சரக்குக் கிடங்கில் வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் லீவு நாளில் தெற்கே ஒரு பண்ணைக்கு முயல் சுடப் போவார்கள். முயல் புல்லையெல்லாம் தின்று தீர்ப்பதால் பண்ணைக்காரர்களே கூப்பிட்டுச் சுடச் சொல்வார்கள். செல்வமும் ஒட்டிக்கொண்டார். பல வருஷமாக 'ஹாய் மேட்' என்பதைத் தாண்டாத சிநேகம், முயல் புண்ணியத்தில் வளர்ந்தது. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சுட்ட முயலை மட்டும் கோமதி வாசல்படி தாண்டவிடவில்லை.

முறைப்படி லைசென்ஸ் எடுத்தார். போலீஸிலிருந்து வீட்டுக்கே வந்து, தரையோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். கோமதியைத் தனியாக உட்காரவைத்து, "சாவி எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். அன்றைக்கு அது சத்தியம். சாவி செல்வத்தின் இடுப்பை விட்டு இறங்காது. லைசென்ஸ் வைத்திருப்பவரைத் தவிர வேறு யார் கைக்கும் அது போகக்கூடாது என்பதுதான் சட்டம்.

அப்புறம்தான் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனது. நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்த ஊர்த் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். பேங்க் லாக்கரோ இங்கே குதிரைக்கொம்பு. கோமதிக்குத் தூக்கம் போயிற்று. அரிசி டப்பா, பழைய சூட்கேஸ், ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில்... நகையை இடம் மாற்றி இடம் மாற்றி அலுத்துப்போய், ஒரு நாள் யோசித்தாள். வீட்டிலேயே பலமான பெட்டி எது? யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாத பெட்டி எது?

மேல்தட்டில் நகை. கீழே துப்பாக்கி. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'நகை பீரோ'.

நகை என்றால் கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா என்று வாரம் ஒரு தடவையாவது பெட்டி திறக்க வேண்டும். செல்வத்துக்கோ ஷிஃப்ட் வேலை. இடுப்பில் இருந்த சாவி சாமி அலமாரிக்கு வந்தது — முருகன் படத்துக்குப் பின்னால். தோட்டாப் பெட்டியின் சாவியும் அதே வளையத்தில்.

உடனே உச்சுக்கொட்டாதீர்கள். உங்கள் வீட்டு பீரோ சாவி எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் ரகசிய இடம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம் என்றுதான் அர்த்தம்.

புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே கோமதி குரல் கொடுப்பாள். "நிதின், அந்த ரெட்டவடச் செயின எடுத்துட்டு வாடா!" பையன் முருகனுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுப்பான். பெட்டியைத் திறப்பான். செயினைக் கொண்டுவந்து கொடுத்து, மறுபடி பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைப்பான். பூட்ட மட்டும் மறக்கவே மாட்டான் என்று கோமதிக்கு ஏகப்பட்ட பெருமை.

செல்வம் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீங்க வேறக்கா... எம்பையன் நான் சொன்ன பேச்சு ஒண்ணு கேக்கமாட்டான்." முடி வெட்டுடா என்றால் வளர்ப்பான். தமிழ்ப் பள்ளிக்குப் போடா என்றால் தூங்குவான். பார்க்கும்போதெல்லாம் இதே பல்லவிதான்.

நிதின் சுட்ட அன்று போலீஸ் வந்து செல்வத்திடம் கேட்ட முதல் கேள்வி, சாவி இருந்த இடம் யாருக்கெல்லாம் தெரியும்?

"எனக்கு மட்டும்தான்" என்றார் செல்வம்.

பயத்தில் வாயில் வந்த பொய். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. குற்றம் நிரூபணமானால் ஏர்போர்ட் பாஸ் போகும், வேலை போகும். குடியுரிமை வாங்கவில்லை, ரெசிடென்ட் விசாதான்... நாட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்பலாம். ஒளித்து வைத்திருந்தேன், பையன் திருடிவிட்டான் என்றால் ஓரளவு தப்பிக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் கோமதி என் வீட்டுக்கு வந்தாள். போட்டுக் கொடுத்த காபியைத் தொடவில்லை.

"நிதினோட லாயர் சொன்னாங்கக்கா. சாவி கைக்கெட்டுற இடத்துல இருந்துச்சுன்னா, கோவத்துல எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லலாமாம். ஒளிச்சு வச்சிருந்ததுன்னா, தேடித் திட்டம் போட்டுச் செஞ்சான்னு ஆகுமாம். அவனுக்குத் தண்டனை கூடுமாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்பா தப்பித்தால் மகன் மாட்டுவான். மகனுக்குக் கொஞ்சம் குறைய வேண்டுமென்றால் அப்பா மாட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சாவி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு கோமதி? உண்மையச் சொல்லச் சொல்லு!"

"உங்களுக்கென்னக்கா, ஈசியாச் சொல்லிட்டீங்க" என்றாள். "அவரு உள்ள போயி, எங்கள ஊருக்கும் அனுப்பிட்டா, இங்க எம்புள்ளையப் போய்ப் பாக்க யாரு இருக்கா?"

ஆறிய காபியை எடுத்துப்போய்க் கொட்டினேன்.

நிதினைச் சிறுவர்களுக்கான காவல் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் இரண்டு பேரும் போவார்கள். சாப்பாடு, தூக்கம், குளிர்... அவ்வளவுதான். ஒரு ஞாயிறு, கிளம்பும் நேரத்தில் பையனே அப்பாவிடம் பேச்சை எடுத்தானாம். அவன் வாயிலிருந்து தமிழ் வருவதே அபூர்வம். அன்றைக்குத் தமிழில் சொன்னானாம்.

"நீங்க போலீஸ்கிட்ட சொன்னத எனக்குப் படிச்சுக் காட்டினாங்கப்பா. நானும் அதையே சொல்லிட்டேன். சாவி எங்கன்னு தெரியாது, தேடித்தான் எடுத்தேன்னு. இட்ஸ் ஓகே, டாட்."

திரும்பி வரும் வழியில் செல்வம் ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தினார். பெட்ரோல் போடவில்லை. ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டி அழுதார் என்றாள் கோமதி. "எம்புள்ளய நானே திருடனாக்கிட்டேன், கோமு." மறுநாள் காலை, அவராகவே தன் லாயரிடம் போய் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். சாமி அலமாரி, நகை, ரெட்டவடச் செயின், எல்லாம். குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்.

இப்போது மறுபடி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அடிபட்ட பையனின் அம்மா எழுந்து பேசினார். என் வயதுதான் இருக்கும். இங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கத்தவில்லை, சபிக்கவில்லை. மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது, அதற்கு அவன் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான் என்றார். பிறகு செல்வத்தைப் பார்த்துக் கேட்டார். "தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தானே நடந்தீர்கள்? ஒரு நாள்கூட உங்களுக்குப் பயமாக இல்லையா?"

என் பக்கத்தில் கோமதி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பயமாத்தான்க்கா இருந்துச்சு. நகை போயிடுமோன்னு."

எனக்கு அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீதிபதி ஒரு பெண். நிதானமாகச் சொன்னார். பெட்டிச் சாவியைப் பையன் கைக்கெட்டும்படி வைத்தது அலட்சியம், அதற்கு ஒரு தண்டனை. ஆனால் முதலில் சொன்ன பொய் அதைவிட மோசம், உங்கள் குற்றத்தையும் சேர்த்து மகனைச் சுமக்க வைத்தீர்கள் என்றார். தாமதமானாலும் தானாக வந்து திருத்திக்கொண்டதால் சிறை இல்லை. பத்து மாதம் வீட்டுக்காவல். காலில் கறுப்புப் பட்டை கட்டுவார்கள், வாசலைத் தாண்டினால் அலறும். வேலை ஏற்கெனவே போய்விட்டது. விசா என்னாகும் என்பது இன்னும் தெரியவில்லை.

பரமேஸ் அக்காவுக்கு இது போதாது. என் வீட்டுக்காரருக்கு இது அதிகம். என்னைக் கேட்டால்... தண்டனை வேண்டும்தான். விசையை இழுத்தது பையனின் விரல், அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விரலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்த பூட்டு அப்பா அம்மாவின் பொறுப்பு. நாம் பார்த்துப் பார்த்துப் பூட்டுவது தங்கத்தை. பிள்ளை 'ஃபைன்' என்றால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நேற்று கோமதி போன் செய்தாள். செல்வம் வாசலைத் தாண்ட முடியாது, அதனால் தனியாகப் போய் நிதினைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. அப்பா மாற்றிச் சொன்னது போதாது, பையனும் மாற்றிச் சொன்னால்தான் நல்லது என்கிறார் லாயர். அவன் மாட்டேன் என்கிறான். "ஐ லுக்ட் ஃபார் இட்" — தேடித்தான் எடுத்தேன் — இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். மாற்றினால் அப்பாவை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம். தீர்ப்பாகிவிட்டது, இனி அப்பாவுக்குத் தண்டனை அதிகமாகாது என்று எத்தனை சொன்னாலும் நம்பவில்லை.

செல்வம் வீட்டிலிருந்தே போனில் கெஞ்சியிருக்கிறார். "டேய், அப்பா சொன்னது பொய்டா. உண்மையச் சொல்லுடா, சாமி."

பையன் கேட்கவில்லை. பதினைந்து வருஷத்தில் அப்பா சொல்லி அவன் கேட்டது ஒரே ஒரு பேச்சுதான்... அது அந்தப் பொய்.