ஸ்டாப் குமிழில் கட்டிய துணி

கண்ணாடி டிரைவர் என்றால்தான் அவரைத் தெரியும். மூக்கில் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபத்தைந்து வயதிலும் வெறுங்கண்ணால் பேப்பர் படிக்கிற ஆள். லாரியின் முன்கண்ணாடியை அப்படி ஒரு வெறியோடு துடைத்ததால் வந்த பட்டம் அது. வண்டியின் மற்ற பாகமெல்லாம் சேறும் ஆயிலுமாகக் கிடந்தாலும் முன்கண்ணாடி மட்டும் பளபளவென்று இருக்கவேண்டும் அவருக்கு. ஒரு பூச்சி அடிபட்டு ஒட்டினால்கூட ஓரங்கட்டி இறங்கிவிடுவார். "கல்யாண மாப்பிள்ளைகூட இத்தனை தடவ மூஞ்சியத் துடைக்க மாட்டான்யா" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவர் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்தத் துடைக்கிற புத்தி மட்டும் அவருக்கு இல்லாமலிருந்தால் அவருடைய அண்ணனுக்கு இன்றைக்குப் பத்து விரலும் இருந்திருக்கும். முப்பத்தோரு வருஷமாக இது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அண்ணன் மெக்கானிக், தம்பி டிரைவர். இரண்டு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய லாரி வைத்திருந்தார்கள். இவர்கள் கைக்கு வருமுன்பே மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்ட வண்டி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். குளிர்காலக் காலையில் அதைக் கிளப்புவது குடிகாரனைப் படுக்கையிலிருந்து எழுப்புகிற மாதிரிதான். முதலில் இருமும். வெள்ளை வெள்ளையாய்ப் புகை கக்கும். உடம்பெல்லாம் ஆட்டம் காணும். பிறகு ஒரு சிலிண்டர், இன்னொரு சிலிண்டர் என்று பற்றி, கடைசியில் ஆறும் சேர்ந்துகொண்டால் ஷெட்டின் தகரக் கூரை அதிரும். அந்த அதிர்வில் அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டும், குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர்போல நிற்பார்.

ஓட்டுவதும் லேசில்லை. ஏற்றத்தில் கியர் இறக்க கிளட்சை இரண்டு தடவை மிதிக்கவேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் உள்ளே நறநறவென்று பல்லைக் கடிக்கும். டீசல் குழாயில் காற்று புகுந்தால் நட்டநடு ரோட்டில் படுத்துவிடும். கை பம்பை அடி அடியென்று அடித்து, நுரை தீர்ந்து சுத்தமான டீசல் வரும்வரை காற்றை எடுக்கவேண்டும். தம்பி எங்கிருந்தாவது போன் போட்டு, "அண்ணே, ஏத்தத்துல கறுப்பாப் புகை தள்ளுது, இழுவையே இல்லை" என்பார். "அஞ்சாவது நாசிலக் கழட்டிப் பாரு" என்று பதில் வரும். கழற்றினால் டீசல் பீய்ச்சுகிற அந்த முனைதான் ஒழுகிக்கொண்டிருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நான்தான் அதோட குடித்தனம் நடத்துறேன். நீ சும்மா மேல உக்காந்து ஊர் சுத்துறவன்" என்பார் அண்ணன்.

அந்தக் காலத்து எஞ்சினைச் சாவியைத் திருப்பி அணைக்க முடியாது. டேஷ்போர்டில் ஸ்டாப் என்று ஒரு குமிழ் இருக்கும். அதை வெளியே இழுத்தால் பம்ப் டீசல் தருவதை நிறுத்தும், எஞ்சின் அணையும். இவர்கள் வண்டியில் அந்தக் குமிழுக்கு ஒரு கோளாறு: இழுத்த இடத்தில் நிற்காது, கையை விட்டதும் சரக்கென்று உள்ளே போய்விடும். ஓட்டுகிறவருக்கு அதனால் தொல்லையில்லை. டேப்பட் என்கிற வால்வு இடைவெளியைச் சரி செய்யும்போதுதான் வம்பு. அதற்கு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவேண்டும். தம்பி சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் ஸ்டார்ட்டரை ஒரு கொட்டுக் கொட்டுவார், அண்ணன் மீதியை எஞ்சின் முன்னாலிருக்கும் ஃபேனைப் பிடித்துக் கையால் இழுப்பார். குமிழ் வெளியே இருக்கிறவரை எஞ்சின் சுற்றுமே தவிரப் பற்றாது. ஆகையால் அண்ணன் முதல் வேலையாகக் குமிழை இழுத்து ஒரு பழைய துணியால் ஸ்டியரிங் தண்டோடு கட்டிவிடுவார். கட்டாமல் பானெட்டைத் திறந்ததே கிடையாது.

அன்றைக்கும் கட்டினார். முற்பகல் நேரம். லோடு ஏற்றியாகிவிட்டது, டேப்பட் முடிந்ததும் கிளம்பவேண்டியது. அண்ணன் முன்னால் குனிந்து வேலையாக இருந்தார். தூக்கி நிறுத்திய பானெட் இருவருக்கும் நடுவே. தம்பிக்கு சீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் கை ரேகைகள் தெரிந்தன. துடைக்கத் துணி தேடினார். கண்ணுக்குப் பட்டது அந்தத் துணிதான். ஒரு நிமிஷம்தானே, துடைத்துவிட்டுத் திரும்பக் கட்டிவிடலாம் என்று அவிழ்த்தார். குமிழ் உள்ளே போனது. மூலைமுடுக்கு விடாமல் துடைத்தார், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் அழகு பார்த்தார், துணியைப் பக்கத்து சீட்டில் போட்டார்.

"ஒரு கொட்டு விடுறா!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. விட்டார்.

"போதும்!"

'போதும்' என்றதும் குலுங்கி நிற்கவேண்டிய எஞ்சின் நிற்கவில்லை. சூடாக இருந்த எஞ்சின். ஒரு தடவை இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. ஃபேனைப் பிடிக்க அண்ணன் நீட்டிய வலதுகையில் நடுவிலிருந்த மூன்று விரல்கள் போய்விட்டன. தம்பி குமிழை இழுத்து அணைத்துவிட்டு, சீட்டில் கிடந்த அதே துணியை எடுத்துக்கொண்டு ஓடி, அதைத்தான் அண்ணன் கையில் சுற்றினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டாள்.

இரண்டாம் நாள் அண்ணன் கண் திறந்து முதலில் கேட்டது விரலைப் பற்றியல்ல.

"துணி எங்கடா இருந்துச்சு?"

"சீட்ல கிடந்துச்சுண்ணே."

சொன்னது பொய்யில்லை. துணி சீட்டில்தான் கிடந்தது. அதுதான் கொடுமை. பச்சைப் பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை அன்றைக்கே தொண்டையில் சிக்கியிருக்கும். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தினம் தினம் செய்கிற காரியத்தில் இதுதான் சங்கடம்: கை தானாகச் செய்துவிடும், மனசில் எதுவும் நிற்காது. கட்டினோமா இல்லையா என்று அந்த மனுஷன் எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. கடைசியில், "கட்டாமப் போயிட்டேன்போல" என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான்ணே அவிழ்த்தேன். மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகாது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? பேசாமல் நின்றார் தம்பி.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். காயம் ஆறட்டும் என்று நினைத்தார். காயம் ஆறியதும், ஆறினதைக் கிளறுவானேன் என்று நினைத்தார். நமக்கெல்லாம் காரணத்துக்கா பஞ்சம்?

விரல் போனதால் அண்ணன் தொழிலை விட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது சுத்தத் தப்பு. ஆறே மாதத்தில் இடதுகையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகிவிட்டார். வலதுகையில் மிஞ்சிய பெருவிரலையும் சுண்டுவிரலையும் வைத்து நட்டைத் திருகிக் காட்டுவார். அவரை உட்கார வைத்தது வேறு. ஒரு நாள் எஞ்சின் ஹெட்டை மாட்டி முடித்து, எல்லா நட்டையும் இறுக்கினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். நான்காம் தடவை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னைய நம்பி இனிமே வண்டிக்கு அடியில ஆள் படுக்கக் கூடாதுடா" என்றார். ஸ்பேனர் பெட்டியை வேறொரு ஷெட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். கனமான பெட்டி. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் தம்பிதான். போகிற வழியெல்லாம் அழுதார். அழுததோடு சரி.

அதன் பிறகு அண்ணன் ஒரு கிடங்கு வாசலில் உட்கார்ந்து உள்ளே வெளியே போகிற வண்டி நம்பர்களை எழுதினார். வீட்டில் அவருக்கு மறதிக்காரர் என்று பெயர் நின்றுவிட்டது. உண்மையில் அவர் எதையும் மறந்ததில்லை. மறந்திருப்போமோ என்ற பயம்தான் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அண்ணி சிரித்துக்கொண்டே, "விடுங்க, நான் பார்த்துக்கிறேன். உங்களை நம்பினா எனக்கும் ரெண்டு விரல்தான் மிஞ்சும்" என்பாள். குடும்பமே சிரிக்கும். விரல் போன மனுஷனும் சிரிப்பார். கண்ணாடி டிரைவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

லாரியை உடைக்கக் கொடுத்தாயிற்று. அப்புறம் தம்பி வேறு வண்டிகள் ஓட்டினார், ஓய்வும் பெற்றார். போன வருஷம் அண்ணி நோயில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அண்ணன் தனியாக இரண்டு அறை வீட்டில் இருந்தார். தானே சமைத்தார், தானே துவைத்தார், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தூரத்தில் குடியிருக்கிற மகள் வந்து இறங்கினாள்.

அண்ணன் கூப்பிட்டனுப்பியதால் கண்ணாடி டிரைவர் காலையில் போனபோது வீடு பாதி காலியாகியிருந்தது. பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள் மகள்.

"அப்பாவ என்கூடக் கூட்டிட்டுப் போறேன் சித்தப்பா. தனியா விட பயமா இருக்கு. அடுப்ப அணைக்காமத் தூங்கிட்டா என்ன பண்றது? அவரு மறதிதான் உங்களுக்கே தெரியுமே. கையவே குடுத்தவரு."

"வர விருப்பமாண்ணே?" என்று இவர் கேட்டார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "விருப்பம் என்ன விருப்பம். உங்க அண்ணி சம்சாரம் பண்ணின வீடு இது, விட்டுட்டுப் போக மனசு வரலை. ஆனா பாப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கே. எனக்கே என்மேல நம்பிக்கை இல்லையேடா" என்றார். யாரையும் குறை சொல்லாத குரல். அந்தக் குரல்தான் தம்பியை உலுக்கிவிட்டது. விரலைப் பறித்தாயிற்று, தொழிலைப் பறித்தாயிற்று, இப்போது வீட்டையுமா?

மகள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கண்ணாடி டிரைவர் கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீ துணியக் கட்டியிருந்த. நான்தான் கண்ணாடி துடைக்க அவுத்தேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன். மறந்தது நான்."

அண்ணன் மடித்த சட்டை மடியிலேயே இருந்தது. கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. தகராறு பண்ணுகிற எஞ்சின் முன்னால் நிற்கிற அதே முகத்தோடு கேட்டார்:

"எத்தனை முடிச்சு இருந்துச்சு?"

"ரெண்டு. மேல இருந்த முடிச்சு இறுகிக் கிடந்துச்சு. பல்லால கடிச்சு இழுத்துத்தான் அவுத்தேன்."

"ரெண்டுதான் போடுவேன்" என்றார் அண்ணன். "கீழ ஒண்ணு, மேல இறுக்கி ஒண்ணு." பிறகு மெதுவாக, "அப்ப நான் கட்டியிருக்கேன்" என்றார்.

அவர் முகத்தில் முப்பத்தோரு வருஷமாக யாரும் பார்க்காத ஒரு தெளிச்சி வந்தது. எழுந்து நின்றார். "பாப்பா! இங்க வாம்மா. உங்கப்பன் மறக்கலைம்மா! கட்டியிருக்கேன். ரெண்டு முடிச்சும் போட்டிருக்கேன்!" என்று சத்தம் போட்டார். மகள் கையில் பேப்பரோடு ஓடிவந்து, ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடி டிரைவர் அவளிடமும் சொன்னார். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது.

"சித்தப்பா..." என்றாள். அப்பாவின் கையைப் பிடித்து, "நீங்க இங்கயே இருங்கப்பா. பாத்திரத்த எல்லாம் நானே திரும்ப எடுத்து வெச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். வந்த தெளிச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தம்பி காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், வீட்டுப் படியேறாதே என்றாலும் சரி. இத்தனை வருஷத்தில் எல்லாவற்றுக்கும் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"விரல் போனதுக்கு உன்மேல கோபமில்லைடா" என்றார் அண்ணன். "வேலையில அது நடக்குறதுதான். யார் கையும் தப்பலாம்."

"அண்ணே..."

"உங்க அண்ணி கடைசி மூணு மாசம் என் கையால ஒரு மாத்திரை வாங்கலை. 'நீங்க மறந்துடுவீங்க, மாத்திக் குடுத்துடுவீங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லிட்டா. பக்கத்து வீட்டுப் பொண்ணு மூணு வேளையும் வந்து குடுத்துட்டுப் போகும். நான் தண்ணி டம்ளர வெச்சுக்கிட்டு கதவோரமா நிப்பேன். தண்ணியையும் அந்தப் பொண்ணே வாங்கிக் குடுக்கும்." கட்டிலில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்தார். "நாப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்தவ. என்னையப் பார்த்து பயந்துக்கிட்டேதான் செத்தா."

சமையலறையில் மகள் பேப்பரைப் பிரித்துப் பாத்திரங்களை அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பாப்பாகிட்டச் சொல்லிட்ட. என்கிட்டச் சொல்லிட்ட. போன வருஷம் சொல்லியிருந்தாக்கூட உங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். இனி அவகிட்ட யாருடா சொல்றது?"

அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார். நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல, வெகு நேரம் காத்திருந்தார்.