முல்லர்கள் எல்லோருக்கும் ஒரே அப்பா

பார்சல் விநியோக வேலையில் முதுகுவலி இரண்டாம் மாதம்தான் வரும். தலைவலி முதல் நாளே வந்துவிடும், அது பெயர்களால் வருவது. இந்த வேலை செய்தவர்களுக்கும், பார்சல் வரவில்லையென்று எங்களைத் திட்டியவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

பிரான்சுக்கு வந்து இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பகுதி லா ஷப்பலும் சுற்றியுள்ள தெருக்களும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முல்லர். அது ஜெர்மன் பெயர், எல்லையோர அல்சாஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் நிறைய உண்டு என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முல்லர் தெரு, முல்லர் பேக்கரி, கதவுக்குக் கதவு முல்லர்கள். நானோ வேலையில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அது முறைப்பாடில்லாமல் முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் சாவகச்சேரியில் இருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடலாம்.

தெருவின் சொந்தக்காரர்

முதல் வாரமே ஒரு பார்சல்: முல்லர், முல்லர் தெரு. எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கைக்கு ஒருவரின் பெயர் இருந்தால், அந்த ஒழுங்கையில் பாதிக் காணி அவருடையதாக இருக்கும். பெரிய மனுஷர் என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டு, தலையையும் வாரிக்கொண்டு படியேறினேன். லிஃப்ட் இல்லை. உச்சி மாடியில், ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில், ஒரு மாணவன் ஈரத்தலையோடு கதவைத் திறந்தான்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “இந்தத் தெரு உங்கள் குடும்பத்துடையதா?” என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னான்: “இந்தத் தெருவில் என் அப்பாவுக்குக் கார் நிறுத்த இடம்கூட இன்றைக்குவரை கிடைத்ததில்லை.”

மிஸ்யூ முல்லர்

பேக்கரியில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. “மிஸ்யூ முல்லர்?” என்றேன். வாசலில் நின்ற பெண் உள்ளே பார்த்து அதே பெயரைக் கூப்பிட்டாள். முழங்கைவரை மாவோடு ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “தம்பி எவடம்?” என்று ஊரைக் கேட்டார்.

ஆள் பருத்தித்துறை ஈசன் அண்ணை. பழைய முதலாளி முல்லர் ஓய்வுபெற்றபோது கடையை இவரிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். ராசியான போர்டு என்று இவர் அதைக் கழற்றவில்லை. சூடான பாண் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: “இஞ்சை எல்லாரும் என்னை மிஸ்யூ முல்லர் எண்டுதான் கூப்பிடுவினம். இப்ப மனுசியும் கோவம் வந்தால் அப்பிடித்தான் கூப்பிடுறா.”

அண்ணனும் தங்கையும்

ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடியில் மிஸ்யூ முல்லர், ஐந்தாம் மாடியில் மதாம் முல்லர். இரண்டு பேரும் வயதானவர்கள். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப்பெயர். ஆகவே ஒரே குடும்பப்பெயர் என்றால் ஒரே தகப்பனின் பிள்ளைகள். இந்த வயதிலும் அண்ணனும் தங்கையும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஒருநாள் மிஸ்யூவுக்கு ஒரு பெட்டி வந்தது, அவர் கதவு திறக்கவில்லை. பெட்டியை மேலே கொண்டுபோய், “உங்கள் அண்ணன், உங்கள் அண்ணன்” என்று மதாமிடம் கொடுத்தேன். அவர் கண்கலங்கியதைப் பார்த்து நானும் கொஞ்சம் கலங்கினேன்.

மதாமுக்கு உண்மையிலேயே ஒரு அண்ணன் இருந்தார், ஸ்த்ராஸ்பூரில். பல வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் அனுப்பிய பரிசு என்று பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கோப்பி மெஷினில் கோப்பியும் போட்டுக் குடித்துவிட்டார். மூன்றாம் மாடி முல்லர் முறைப்பாடு கொடுத்தார். செஃப், அதாவது எங்கள் மேலாளர், என்னைக் கூப்பிட்டார். அந்த முல்லர் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்காவிட்டால் என் வேலை கஷ்டம்தான் என்றார். மகளிடம் போனில் என்ன சொல்வதென்றுதான் முதலில் நினைத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று செஃப் கேட்க, எங்கள் தகப்பன்பெயர் வழக்கத்தை விளக்கினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: “அப்படியென்றால் பிரான்சில் இருக்கும் முல்லர்கள் எல்லோருக்கும் ஒரே அப்பாவா? பாவம் அந்த மனுஷன்.”

வடையும் கோப்பியும்

சனிக்கிழமை ரூ பெர்தொனே தெருத் தமிழ்க் கடையில் சுடச்சுட வடை வாங்கிக்கொண்டு மதாமிடம் போனேன். விஷயத்தை முன்பே சொல்லியிருந்ததால் அவர் மெஷினைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். இருவருமாகக் கீழே இறங்கி மிஸ்யூவின் கதவைத் தட்டினோம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. மதாம் முந்திக்கொண்டு, “தவறு என்னுடையதும்தான். ஆனால் மெஷின் நல்ல மெஷின்” என்றார். இத்தனை காலமும் இவர்களுக்குள் படியில் ஒரு போன்ஷூர் வணக்கத்தோடு சரி. அன்று மிஸ்யூ கோப்பி போட்டார். வடையின் மிளகாய் கடிபட்டு இருவரும் சேர்ந்து இருமினார்கள். பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை, நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முறைப்பாடு திரும்ப எடுக்கப்பட்டது. அதைக் கேட்டு டெப்போ வாசலில் நின்று அழுதேன், வெட்கமில்லை. கொஞ்ச நாளில் வேலையும் நிரந்தரமானது. அடுத்த முறை மதாமுக்குப் பார்சல் கொண்டுபோனபோது அவர் சொன்னார்: “நானும் மூன்றாம் மாடிக்காரரும் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டோம், எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பரிசுக்கு நன்றி சொல்ல அன்றே என் அண்ணனுக்குப் போன் பண்ணியிருந்தேன், அதில் பேச்சு மறுபடி தொடங்கியது, அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், மூன்று பேருமாகச் சாப்பிடுகிறோம்.”

எங்கள் வீட்டுத் தபால்பெட்டி

மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். ஸ்தேன் என்ற புறநகரில் எங்கள் தபால்பெட்டியில் பெயர்களை நானே ஒட்டினேன். மூவருக்கும் மூன்று குடும்பப்பெயர்: என் தகப்பன் நடராசா, மனைவியின் தகப்பன் கந்தையா, மகளின் தகப்பன் ரவீந்திரன், அதாவது நான். ஒட்டி முடித்துக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

மகளின் குளிர்காலச் சப்பாத்து பார்சலில் வந்தது. கொண்டுவந்த பையன் வேலைக்குப் புதிசு என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. தபால்பெட்டியைப் பார்த்தான், பார்சலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “இவ்வளவு சின்ன வீட்டில் மூன்று குடும்பம் எப்படி இருக்கிறீர்கள்?”

ஊரிலுள்ள முல்லர்களை எல்லாம் ஒரே வீட்டில் சேர்க்கப் பார்த்தவனின் ஒரே வீட்டை அவன் மூன்றாகப் பிரித்துவிட்டான், ஆனாலும் பார்சலைச் சரியான கையில்தான் கொடுத்துவிட்டுப் போனான்.