உப்புக்குள் ஒரு கொடுவா: திருவொற்றியூரில் எங்கள் ஐம்பதாம் ஆண்டு விருந்து

முதலில் ஒரு திருத்தம். திருவொற்றியூர் ஓட்டல் ஒன்றில் நான் சுத்தியலால் தட்டை உடைத்துச் சண்டை போட்டதாக, ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். தட்டு உடையவில்லை. சண்டையும் நடக்கவில்லை. சுத்தியல் மட்டும் உண்மை. அது மரச் சுத்தியல், ஓட்டல்காரரே என் கையில் கொடுத்தது. நான் உடைத்தது உப்பை. சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போனேன் என்பதும் தவறு. அது மெரூன்.

ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் திருமணத்தின் ஐம்பதாம் ஆண்டு நாள். என் கணவர் செபஸ்தியான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இல்லாமல் என்ன கொண்டாட்டம் என்று சிலர் கேட்டார்கள். கல்யாணம் இருவருக்கும் நடந்தது. கடைசி இரண்டு வருடத்தை நான் தனியாக முடித்தேன், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், நகரத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் மேசை பிடித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். எனக்குத் திருவொற்றியூர் ‘எட்டுத் துறை’ ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். காரணத்தைச் சொல்லிவிட்டுப் பயணத்துக்கு வருகிறேன்.

என் கணவர் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. எங்களுக்குக் கல்யாணமான நாலாம் வருடம், ஒரு ஸ்பானியக் கப்பலில் மழையினால் வேலை நின்றுபோய் இரவு முழுவதும் மாட்டிக்கொண்டார். அன்று கப்பல் கேப்டனுக்குப் பிறந்த நாள். சமையல்காரர் இவரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “முழு மீனு, மூணு கிலோ உப்புக்குள்ள பொதைச்சு அடுப்புல வெச்சான். சுத்தியால தட்டி ஒடைச்சான். உள்ள மீனு பஞ்சு மாதிரி. உப்பே கரிக்கல. செதில்கூட எடுக்கல, தெரியுமா?”

அப்போது எங்கள் வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கன்னியம்மா. காசிமேட்டுக்காரி. அன்று அவள் புதுக் கூடைக்காரி, இன்று வரை எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவள் அவள்தான். மீனைப் பற்றி எங்கள் தெருவில் அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மூணு கிலோ உப்புல மீனைப் போட்டா அது கருவாடு நைனா! வெள்ளக்காரன் உன்னிய ஏமாத்தி கருவாடு குடுத்து அனுப்சிருக்கான். அதுவும் செதிலோட துன்னுட்டு வந்துகீற!”

காசிமேட்டில் மீனும் உப்பும் சேர்ந்தால் கருவாடு. வேறு எதுவும் அங்கே யார் மனதுக்கும் வராது. அன்று மாலைக்குள் என் கணவருக்குக் ‘கருவாட்டு கேப்டன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வழி சொன்னதும் அந்தப் பெயரால்தான். அவர் இறந்தபோது தெரு இளைஞர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அதையே அச்சடித்திருந்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனாலும் நான் அடக்கத்துக்கு முன் அதை இறக்க வைத்து, வேறு அச்சடித்துக் கட்டச் சொன்னேன்.

இப்போது பயணம். அன்று மாலை 5.40க்கு ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் கிளம்பினேன். காசிமேட்டில் கன்னியம்மாவை ஏற்றிக்கொண்டேன். அவளை ஏன் அழைத்தேன் என்று நீங்கள் யூகித்திருப்பீர்கள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. விருந்து என்று மட்டும் சொன்னேன். தலைக்குப் பூ வைத்து, ஜரிகைப் புடவை கட்டி, கல்யாண வீட்டுக்குப் போவது போல வந்து நின்றாள்.

“எங்கம்மா போவணும்?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். திருவொற்றியூரில் வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடை என்றேன்.

“திருவத்தியூர்ல வெளிநாட்டு சாப்பாடா? கண்டெய்னர்ல வந்து எறங்குதா?”

“நீ ரோட்ட பாத்து ஓட்டு, மாமு” என்றாள் கன்னியம்மா. “போஸ்டாபீஸம்மா கூட்டிகினு போறாங்கன்னா சும்மாவா?” (நான் முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அதனால் இந்தப் பெயர்.)

தூரம் சுமார் ஏழு கிலோமீட்டர். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் 55 நிமிடம் பிடித்தது. வாடகை 250 ரூபாய். கடற்கரையை ஒட்டிய சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், இரண்டு கிடங்குகளுக்கு நடுவில், பச்சைக் கதவு போட்ட பழைய ஓட்டு வீடு. வாசலில் மூன்று படிகள் உண்டு, கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்.

உள்ளே ஏழே மேசைகள். மஞ்சள் விளக்கு, சுத்தமான துணி விரிப்பு. உரிமையாளர் தேசிங்கு எர்ணாவூர்க்காரர். பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். அவர் நின்று சமையல் கற்ற எட்டுத் துறைமுகங்களின் நேரத்தைக் காட்டும் எட்டுக் கடிகாரங்கள் சுவரில் இருக்கின்றன. ஏழில் மணி வேறு வேறு என்றாலும் நிமிட முள் ஒரே இடத்தைக் காட்டியது. கொரியாவின் பூசான் துறைமுகக் கடிகாரம் மட்டும் நாலு நிமிடம் பின்தங்கியிருந்தது. சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறி உடனே திருத்தினார். அங்கேயே அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

முதலில் துருக்கிப் பருப்பு சூப். நம் பருப்புத் தண்ணீருக்குத் தூரத்துச் சொந்தம், மேலே புதினாவும் வெண்ணெயும். அடுத்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ரொட்டி. முழு ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியிருந்தார்கள். கன்னியம்மா முட்கரண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டாள். சரியான முடிவு. நானும் முட்கரண்டியை ஓரமாக வைத்தேன். நான் படித்த கான்வென்டின் கன்னியாஸ்திரிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது.

பிறகு தேசிங்கு ஒரு தட்டில் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டினார். முதல் நாளே சொல்லி வைத்த கொடுவா, ஒரு கிலோ இருநூறு கிராம். கன்னியம்மா தொழில் முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“செவுள காட்டு நைனா.” காட்டினார். “ம். நம்ம காசிமேட்டு மீன்தான். காலைல வந்தது. ஆனா இன்னாது, செதிலு எடுக்காம கீது?”

“இதுக்கு எடுக்கக் கூடாதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரங்களைப் பார்த்தேன்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து அது வந்தது. தட்டு நிறைய வெள்ளைக் குன்று. மேலே லேசாகப் பழுப்பேறி, கல்லைப் போல இறுகியிருந்தது.

“இன்னாம்மா இது? கல்லறை மாரி கீது!”

“உப்பு” என்றேன். “மூன்று கிலோ.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விருந்துக்கு உரியவர்தான் உடைக்க வேண்டும் என்று தேசிங்கு சுத்தியலை நீட்டினார். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் அடியில் ஒரு கீறல். மூன்றாவதை நான் கொஞ்சம் பலமாகவே போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சத்தம் கேட்டு, பக்கத்து மேசையில் இருந்த நம் ராயபுரம் கோயில் பாடகர் குழுத் தம்பதியர் எழுந்தே நின்றுவிட்டார்கள். உடைந்த தட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உப்புப் பாளம் விலகியதும் ஆவி எழுந்தது. தேசிங்கு தோலைப் பிடித்து இழுத்தார். செதிலோடு முழுசாக, சட்டையைக் கழற்றுவது போல வந்தது. உள்ளே வெள்ளைச் சதை.

“செதிலு இருந்தாதாம்மா உப்பு உள்ள பூராது” என்றார். “எடுத்துட்டா கரிச்சிடும். முட்டை வெள்ளைக்கருவில உப்பைப் பெசைஞ்சு மூடணும். ஸ்பெயின்ல ஒரு கிழவன் கத்துக்குடுத்தது.”

கன்னியம்மா ஒரு துண்டு எடுத்தாள். கண்ணை மூடி மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். நான் சுத்தியலை இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டால், அவர் சொன்னது பொய் என்றே நிலைத்துவிடும். காசிமேட்டில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

“கரிக்கல” என்றாள். மூன்றாவது துண்டை எடுத்தபடியே, “செதிலோடன்னு அன்னிக்கே சொன்னாரும்மா. பாக்காதவன் அதச் சொல்ல முடியாது. நான்தான் சிரிச்சேன்.”

சிரித்தவள் அவள் மட்டும் அல்ல. இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கதையை அவர் உறவினர்களிடம் சொல்லும்போதெல்லாம் கேலி செய்கிறார்களே என்று, “அந்தச் செதில் சமாசாரத்தையாவது விட்டுவிடுங்கள், அதை யாரும் நம்ப மாட்டார்கள்” என்று திருத்தியவள் நான். அவர் விட்டுவிட்டார். பிறகு கதையையே விட்டுவிட்டார். அவர் சொன்னதில் அசைக்க முடியாத சாட்சி எதுவோ, அதைத்தான் நான் வெட்டியிருக்கிறேன். தவறு திருத்துவதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. இந்த ஒரு திருத்தம் தவறு.

கன்னியம்மா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே கருவாட்ட தூக்கிடலாம்மா. கேப்டன் மட்டும் இருக்கட்டும். நாளைக்கு மீன் ஏலத்துலயே சொல்லிடறேன், எல்லாத்துக்கும் தெரிஞ்சிபூடும்.”

அவர் கேப்டன் இல்லை, டாலி கிளார்க். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மாலை 6.30 முதல் 9.30 வரை, செவ்வாய் விடுமுறை. உப்பு மீன் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். மீன் 1,450 ரூபாய், மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். சூப் 140, டர்பன் ரொட்டி 260, கேரமல் கஸ்டர்ட் 120. எங்கள் இருவருக்கும் இரண்டு சூப், இரண்டு கஸ்டர்ட் உட்பட 2,230 ஆனது. கஸ்டர்ட் எங்கள் கான்வென்ட் கஸ்டர்டை விட நன்றாக இருந்தது, இதை நான் லேசில் சொல்ல மாட்டேன். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம். தேரடி மெட்ரோ நிலையம் பத்து நிமிட நடை, தண்டையார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். லாரி நெரிசல் உங்களைத் தொடாது.

அந்த வாரமே காசிமேட்டில் பேச்சு மாறிவிட்டது. ராயபுரத்தில் இன்னும் தட்டுக் கதைதான் ஓடுகிறது. அங்கே போய் அந்த மீனைச் சாப்பிட்டவர்கள், உப்பு கரித்ததா இல்லையா என்று எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவருடைய படத்துக்குக் கீழே இருக்கும் மேசை இழுப்பறையில் அவற்றைச் சேர்த்து வைக்கப் போகிறேன். போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் வேண்டும், பெயரோடும் தேதியோடும்.