எட்டுத் துடிப்பு ஜாஸ்தி

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. நாலே காலுக்கு எழுந்து குளித்தேன். ஸ்டெதாஸ்கோப்பையும் இரண்டு ஸ்டாப்வாட்சையும் பையில் வைத்துக்கொண்டு ஐந்தரைக்கு வடக்குப்பட்டு போய்ச் சேர்ந்தேன். வார நாட்களில் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். சில ஞாயிறுகளில் குதிரைகளின் நெடுந்தூர ஓட்டத்தில் நாடி எண்ணுபவன்.

நாற்பது கிலோமீட்டர், இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து இருபது நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நாலுக்கு இறங்காவிட்டால் குதிரை அத்தோடு நிற்க வேண்டும். தேசிய குதிரையேற்றச் சம்மேளனம் அனுமதித்த ஓட்டமென்றால், நிறுத்துவதற்கு அவர்கள் நியமித்த மருத்துவர் இருப்பார். அவரிடம் பேரம் நடக்காது. இந்த ஓட்டத்துக்கு அனுமதி கேட்கவே இல்லை. அந்த ஊரில் குதிரைகள் வைத்திருக்கும் லாயக்காரரே ஏற்பாட்டாளர். வருவதாகச் சொன்ன மாட்டு டாக்டரும் வரவில்லை.

லாயக்காரர் ஏறி ஓட்டிய பெட்டைக் குதிரை எட்டு மணிக்கு வந்தது. இருபதாவது நிமிடத்தில் எழுபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். எழுபத்திரண்டு. கழுத்தில் கிள்ளிவிட்ட தோல் மடிப்பு உடனே மறையவில்லை; உடலில் நீர் வற்றியிருந்தது.

லாயக்காரர் எங்கள் தொழிற்சாலையிலேயே லைன் சூப்பர்வைசர்.

"இன்னா சார், குதிரைக்கும் கேஜ் வெச்சுப் பாக்குறீங்களா? எட்டு தானே ஜாஸ்தி? டீவியேஷன் போட்டு வுடுங்க."

அளவு தவறிய உதிரிபாகத்தைக் கையெழுத்தின் பேரில் அனுப்பிவைப்பதற்கு எங்களிடம் அதுதான் பெயர்.

"அதுக்குக் கஸ்டமர் கையெழுத்து வேணும்பா."

"என் குதிரை. நான்தான் கஸ்டமர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குதிரையின் பரிசோதனை அட்டையில் 72 என்று எழுதி, பக்கத்தில் 'டீவியேஷன்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். தொழிற்சாலையில் கஸ்டமர் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தக் கையெழுத்தைப் போடுவது எனக்கு மேலே இருப்பவர்கள். இங்கே எனக்கு மேலே யாரும் இல்லை என்பது அவர் இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது.

ஒன்பதேகாலுக்கு வழியிலிருந்து லாயக்காரர் ஃபோன் செய்தார். ஏரிக்கரைக்குப் போனேன். பெட்டை அசையாமல் நின்றது. பின்தொடைகள் பலகையாக இறுகியிருந்தன. சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் விழுந்தது.

"யாரைக் கூப்புட்றது சார்?" என்றார் லாயக்காரர். அவர் குரலில் கேலி இல்லை.

சென்னையிலிருந்து குதிரை மருத்துவர் வந்து சேர மதியமானது. குளுக்கோஸ் ஏற்றினார். "தசை சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. விடியறதுக்குள்ள மூத்திரம் வெளுக்கணும். இல்லேன்னா கிட்னி போச்சு."

மறுநாள் நாலே காலுக்கு எழுந்ததும் லாயத்துக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னும் கறுப்பாத்தான் போவுது சார். படுத்துகினு கீது," என்றார் லாயக்காரர்.

குளிக்கப் போகவில்லை. சம்மேளனத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ஓட்டம் அனுமதி பெறாதது, நிறுத்த வேண்டிய குதிரையை அனுப்பியவன் நான் என்று தொடங்கினேன்.