வெள்ளிக்கிழமை உபவாசமும் ஒரு மாத்திரையும்

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மொட்டை மாடியில் ஒரு சிகரெட், பிறகு காப்பி, பிறகு குளியல். மனைவியின் கண் முன்னால் நான் புகைத்ததில்லை. காலுறை போடும்போது இடது கால் பெருவிரலைப் பார்த்தேன். முந்தின வாரத்தைவிடக் கறுத்திருந்தது. பள்ளி அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். அதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருந்தது. கடைப் பலகையைப் படிப்பவன்போல நின்றேன்.

டாக்டர் காலை ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். "ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. சிகரெட்ட விட்டாத்தான் மருந்து கேக்கும். விடலேன்னா விரல எடுக்கணும். அதோட நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

நானாக விட்டுப் பார்த்த இரண்டு தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை. அதைச் சொன்னேன். வலிப்பு வந்ததுண்டா, மனநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா, சிறுநீரகம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, சிகரெட் ஆசையை அடக்க ஒரு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், கெட்ட கனவு வரலாம். மனம் நிலைகொள்ளாவிட்டால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும். முதல் வாரம் மாத்திரையோடு புகைத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் அறவே விட வேண்டும் என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சீட்டை இரண்டு முறை படித்தார்.

"இது லேசுப்பட்டதில்ல வே. எங்க மச்சினன் இதத் தின்னுட்டு ராத்திரி பூரா அலறுனான். யோசிச்சு வாங்கும்."

"அவரு பீடிய விட்டாரா?"

"அவன் பீடிய விட்டான். நான் தூக்கத்த விட்டேன். பக்கத்து ரூம்புலல்லா படுக்கேன்!"

என்னால் சிரிக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வேறொரு சிக்கல் இருந்தது. மனைவி ஞாயிறன்றே ஜெபக்குழுவில் என் கால்வலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் சிகரெட்டை விட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை எட்டுப் பெண்கள் உபவாசம் இருப்பதாக முடிவாகியிருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கும் சிகரெட் குடிக்கலாம். முதல் வாரந்தானே."

"எட்டுப் பேரு பச்சத்தண்ணி குடிக்காம உங்களுக்காக முழங்கால்ல நிக்கோம், நீங்க மாடியில புகை விடுதீங்க. நல்லாருக்கா?"

"டாக்டர் சொன்னபடிதான்..."

"டாக்டர் குடிக்கச் சொன்னாராக்கும்! இம்புட்டு வருசமா நான் சொன்னது கேக்கல, இது மட்டும் நல்லா கேக்குதோ? இன்னைக்கே விடுங்க. மாத்திரை எதுக்கு? கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

இன்றே விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. அண்ணாச்சியின் மச்சினன் அலறிய கதை மனதை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். அதுவரை அவளுக்கு விரலைக் காட்டியதில்லை.

"இன்னொரு தடவை தோத்தேன்னா இது இருக்காது."

அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். இரவு சாப்பிட்டுப் படுத்தோம். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை நான் எழுந்தபோது அவள் முன்னறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வேண்டாம். அடுத்த செவ்வாக்கிழமை வச்சிக்கிடுவோம். ஆமா, அன்னைக்குத்தான் அவுக விடுதாக."

மேசையில் நான்கு இட்லியும் செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தன. வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். மாடிக்குப் போகாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையை விழுங்கினேன்.