பாகூர் வயலில் பனி பார்த்த பத்து நாள்

என் பெயர் சவரிநாதன். புதுச்சேரியில் இயற்கை அறிவியல் கற்பிக்கும் பள்ளி ஆசிரியன், வயது ஐம்பது. சம்பா நெல்லில் குலைநோய் தோன்றுமுன்பே அதன் வருகையை அறிந்து சொல்ல இயலுமா என்று சோதிக்க, இந்த மார்கழி விடுமுறையில் பாகூருக்குச் சென்றேன். இரவுக் குளிரும் இலையில் காயாத பனியும் இந்நோயை முன்னரே காட்டிக்கொடுக்கும் எனப் படித்திருந்தேன். படித்ததை வயலில் கண்ட பின்பே நம்புவது என் வழக்கம்.

காலை ஆறு மணிக்கு முனுசாமியின் மாட்டுவண்டியில் புறப்பட்டேன். தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வாடகை ஒன்றேகால் ரூபாய். இரண்டு ஊரும் பிரெஞ்சு ஆட்சியில்தான்; ஆனால் நடுவே பிரிட்டிஷ் எல்லை குறுக்கிடுவதால் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். (பிரெஞ்சுச் சாராயப் புட்டி இல்லாதவரை அச்சமில்லை.) சாவடிச் சேவகர் என் வெப்பமானியை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். "நெல்லுக்கு ஜுரம் பாக்குற கருவிபா, வுட்டுடு" என்றார் முனுசாமி. என் நோக்கத்தை இதனினும் சுருக்கமாக நானே விளக்கியிருக்க முடியாது.

பாகூரில் எனக்கு இடமும் உணவும் அளித்தவர் கலியபெருமாள் என்னும் குடியானவர். சென்ற ஆண்டு குலைநோயில் பாதி விளைச்சலை இழந்தவர். அவருடைய வரப்பில் ஒரு கழி நட்டு வெப்பமானியைக் கட்டினேன். தொடர்ந்து மூன்று இரவும் கடுங்குளிர். காலை ஒன்பது மணிக்குப் பின்னும் இலைகளில் ஈரம் உலரவில்லை. நோய் நெருங்குகிறது என்று கணித்தேன். இந்நிலையில் விதி இரண்டு: வயலில் நீர் வற்றக்கூடாது, எரு இடக்கூடாது.

ஆனால் அவர் வீட்டில் கடலைப் புண்ணாக்கு மூட்டை தயாராக இருந்தது. மகள் தனத்தைப் பெண்பார்க்க அடுத்த வாரம் கரியமாணிக்கம் என்னும் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் வயலைப் பார்ப்பார்களாம். அதற்காகவே புண்ணாக்கு இட்டுப் பயிரைக் கரும்பச்சையாக்கி வைப்பது இங்கு வழக்கம்.

"பயிரு வெளுத்துக் கெடந்தா இன்னா நெனைப்பாங்க, வாத்தியாரய்யா? சோத்துக்கே வழியில்லாத வூடும்பாங்க" என்றார் கலியபெருமாள்.

எருவில் கொழுத்த இலையையே இந்நோய் முதலில் பற்றும் என்றும், என் கணிப்பு பிழைக்கவும் கூடும் என்றும் சொன்னேன். முடிவு செய்தவர் அவர் மனைவி அஞ்சலை.

"போன வருசமும் பச்சையாத்தான் இருந்திச்சி. இன்னாத்த அறுத்தோம்?"

மூட்டை பிரிக்கப்படவில்லை. ஏரி வாய்க்காலில் தம் முறை வந்தபோதெல்லாம் நீரை மட்டும் பாய்ச்சினார்கள். பக்கத்து வயல்காரரையும் எச்சரித்தோம். அவர் சிரித்துவிட்டுப் புண்ணாக்கு தூவினார். ஒரு பெண்ணின் திருமணம் என் கணிப்பை நம்பி நின்றதால் எனக்குத்தான் உறக்கம் இல்லை.

பெண்பார்க்கும் நாளன்று பக்கத்து வயல் கருகருவென்று நின்றது. எங்களுடையது வெளிறிக் கிடந்தது. மாப்பிள்ளையின் தந்தை அய்யாக்கண்ணு வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னா மச்சான், பயிரையும் பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க?"

கலியபெருமாள் பக்கத்து வயலில் ஓர் இலையைக் கிள்ளி அவரிடம் நீட்டினார். இருமுனையும் கூர்ந்து நடுவில் சாம்பல் பூத்த குலைநோய்ப் புள்ளிகளை அன்று காலைதான் நாங்கள் அங்கே கண்டிருந்தோம். எங்கள் பயிரில் ஒன்றிரண்டு இலைகளில் மட்டுமே அவை இருந்தன. எரு நிறுத்திய காரணத்தைக் கலியபெருமாள் சொல்லச் சொல்ல, அய்யாக்கண்ணுவின் முகம் மாறியது.

"நீங்க மாப்ள வூடு பாக்க வருவீங்களேன்னு நானும் எங்க வயல்ல புண்ணாக்க மூட்ட மூட்டயா கொட்டிட்டு வந்திருக்கேன்பா" என்றார் மெதுவாக.

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அய்யாக்கண்ணுவும் சிரித்தார். மாலையில் தாம்பூலம் மாற்றினார்கள்.

இப்பக்கம் வருவோர் போர்வை கொண்டுவருக. ஒன்பது மணிக்குள் வயலுக்குச் செல்க. பனி அதற்குப்பின் தங்கினால் வயலுக்குரியவரிடம் உடனே சொல்லுக. ஒரு வயலையும் ஒரு பருவத்தையும் கொண்டு விதி நிறுவப்பட்டதாக நான் கூறமாட்டேன். ஆயினும் மகளின் நல்வாழ்வு ஊசலாடும்போதும் அயலான் சொல்லுக்குச் செவிகொடுத்த அந்தத் தம்பதிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கரியமாணிக்கத்து வயலில் இட்ட எருவைத் திரும்ப அள்ள முடியாது; ஆனால் நீர் வற்றாமல் காக்க முடியும். நாளை விடியலில் அய்யாக்கண்ணுவின் வண்டியில் அங்கே செல்கிறேன். அறுவடைவரை ஞாயிறுதோறும் அந்த வயலைப் பார்வையிடுவேன்.